ஆங்கிலம் கற்பிக்கக் கடவுச்சீட்டே தகுதிச் சான்று!

ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம், பி.எட்., பத்தாண்டு வகுப்பறை அனுபவம் ஆகிய மூன்றும் உள்ள ஓர் இந்திய ஆசிரியர் வெளிநாடு செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டில் ஊதியம் அதிகம் என்று அவர் பார்ப்பது இயல்பு. ஆனால், அதற்கு முன் அவர் கேட்டாக வேண்டிய கேள்வி வேறு. ஆங்கில ஆசிரியர் என்ற தகுதியை இந்தியக் கடவுச்சீட்டுக்கு எந்த நாடு வழங்குகிறது என்பதுதான் அது.

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு ஆங்கிலம் கற்பிக்க வழங்கப்படும் 'இ-2' விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது. இவர்கள் ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தால் போதும். அது ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்பட்டியலில் தென்னாப்பிரிக்கா இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 8.7 சதவீதத்தினர் மட்டுமே. டர்பன் நகரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த தமிழர் ஒருவர், ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றுடன் சோல் நகரில் ஆசிரியராகலாம். அவருடைய முன்னோர் கப்பலேறிய சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது அரிது. இருவரில் யார் நன்றாகக் கற்பிப்பார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இந்த அடைப்பில் ஒரு சிறு திறப்பை ஏற்படுத்தியது 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம். அதன்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றும் பெற்ற இந்தியர்கள், கொரியாவின் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களாகப் பணியாற்றலாம். அமெரிக்கரிடம் கேட்கப்படும் தகுதியை விட இது கூடுதல். கிடைக்கும் இடமோ உதவியாளர் இடம். இருப்பினும், கார்களுக்கும் எஃகுக்கும் சுங்கவரி பேசிய ஓர் ஒப்பந்தத்தில் ஆங்கில ஆசிரியருக்கும் ஒரு வரி இடம்பெற்றது என்பதைக் குறைத்து மதிப்பிட இயலாது. அதன் பிறகு பல நாடுகளுடன் தில்லி வர்த்தக ஒப்பந்தம் செய்தபோதும், கணினி வல்லுநருக்காக வாதாடிய அளவுக்கு ஆசிரியருக்காக வாதாடியதாகத் தெரியவில்லை.

சீனாவின் விதி இன்னும் வெளிப்படையானது. அயல்மொழி கற்பிக்க வருபவர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்கிறது அது. மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ சென்று வகுப்பெடுக்கலாம் என்று ஆசை காட்டும் முகவர்கள் உண்டு. அகப்பட்டால் அபராதம், தடுப்புக் காவல், நாடு கடத்தல் என எல்லாம் ஆசிரியருக்கே. முகவருக்கு ஒன்றுமில்லை. 2021 ஜூலையில் தனிப்பயிற்சித் தொழிலின் மீது பெய்ஜிங் விதித்த கடும் கட்டுப்பாடுகள், விதிப்படி வேலையில் இருந்த பலரின் பணியையும் பறித்தன.

ஜப்பான் பிறந்த நாட்டைக் கேட்பதில்லை, பயின்ற மொழியைக் கேட்கிறது. பள்ளிகளில் அயல்மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு, அம்மொழியின் வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும். ஒப்பீட்டளவில் இது நியாயமான விதியே. ஆனால், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறிய மாணவி இந்த விதிக்கு முன் நின்றுவிடுகிறார். ஆங்கிலத்தைத் தாமே முயன்று கற்றவர்தான், அதைப் புதிதாகக் கற்பவரின் இடர்களை நன்கு அறிவார் என்பது வேறு விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறிப்பிட்ட இந்தியர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். இரண்டாம் மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 8 கோடிக்கும் அதிகம். காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, ஆங்கிலம் பேசும் உலகை மூன்று வட்டங்களாகப் பிரித்து, இந்தியாவை இரண்டாம் வட்டத்தில் வைத்தார். குடியேற்ற அதிகாரிகளின் பட்டியலோ முதல் வட்டத்துடன் முடிந்துவிடுகிறது.

1958-இல் ஹைதராபாதில் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம், 2007-இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமானது. வளரும் நாடுகளின் அலுவலர்களும் ஆசிரியர்களும் இந்திய அரசின் செலவில் அங்கு வந்து ஆங்கிலம் பயில்கின்றனர். கம்போடியா, லாவோஸ், மியான்மர், வியத்நாம் ஆகிய நாடுகளில் ஆங்கிலப் பயிற்சி மையங்களையும் இந்தியா நிறுவியுள்ளது. அரசு அனுப்பினால் இந்திய ஆங்கிலம் ஏற்கப்படுகிறது. தனி மனிதராகச் சென்றாலோ, அதே வட்டாரத்தின் தனியார் பயிற்சி நிலையங்கள் வெள்ளை முகத்தைத் தேடுகின்றன.

ஆகவே, பெரும்பாலோரின் தெரிவு வளைகுடாவிலும் மாலத்தீவிலும் வந்து முடிகிறது. வளைகுடாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடன் இணைந்த இந்தியப் பள்ளிகள் ஏராளம். அங்கு இந்திய பி.எட். பட்டத்துக்கு மதிப்புண்டு. அருகிலேயே உள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியின் ஊதியத்தோடு ஒப்பிடாமல் இருந்தால் மன நிறைவும் உண்டு. மாலத்தீவிலோ வெளிநாட்டு ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் இந்தியரே. அங்கு கேட்டறிய வேண்டியது ஊதியத் தொகையை மட்டுமல்ல. ரூஃபியாவில் பெறும் ஊதியத்தை டாலராக மாற்றி மாதந்தோறும் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதையும்தான். அந்நாட்டின் டாலர் தட்டுப்பாடு அண்மை ஆண்டுகளில் பல ஆசிரியர் குடும்பங்களைத் தவிக்க வைத்தது.

இங்குதான் தில்லியின் பொறுப்பு தொடங்குகிறது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளியின் ஒப்பந்தத்தை, அவர் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்குப் புறப்படும் முன் அரசு பார்வையிட வழி செய்கிறது. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது அதன் அனுமானம். பட்டதாரியான ஆசிரியரின் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. செவிலியர்கள் பல லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாற்றப்பட்டபோது, 2015-இல் அவர்களையும் அனுமதி பெற வேண்டியோர் வரிசையில் அரசு சேர்த்தது. ஆசிரியர்களுக்கு அத்தகைய காப்பு வழங்கப்படவில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் ஒரு வரைவும், 2025-இல் மற்றொரு வரைவும் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டன. அவற்றில் ஆசிரியர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட ஆசிரியர் சங்கங்கள் எத்தனை?

புறப்படுவோர் செய்யக்கூடியவை சில உண்டு. முகவரின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே பெறலாம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேட்க வேண்டும். பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும். வளைகுடா ஒப்பந்தம் இரு மொழிகளில் இருந்தால், வழக்கு என்று வரும்போது அரபு மொழிப் பிரதிதான் செல்லும். ஆங்கிலப் பிரதியை மட்டும் படித்துக் கையெழுத்திடும் ஆங்கில ஆசிரியர், அரபு அறிந்த ஒருவரிடம் மற்றதைக் காட்டிய பிறகே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.