கொலையாளியை முதலிலேயே காட்டிவிடும் நாவல்கள்

துப்பறியும் நாவல் என்றால் கொலை செய்தவர் யார் என்ற கேள்வியைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் செல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வாசகர்களிடம் ஊறிப்போயிருக்க, அண்மைக் காலத்தில் ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்ற குற்ற நாவல்கள் சில அந்த விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதற்கு அப்பாலும் வாசகரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கின்றன. குற்றம் செய்தவரின் காதலும் இழப்பும் எவ்வளவு ஆழமானவை, அந்த ஆழம் குற்றத்தை மன்னிக்கப் போதுமானதா என்பதே இவற்றில் மர்மமாக நிற்கிறது.

இதற்கான நிலத்தை உழுதவர் செய்ச்சோ மட்சுமோட்டோ. 1958இல் நூலாக வந்த அவருடைய 'புள்ளிகளும் கோடுகளும்' ரயில் கால அட்டவணையை வைத்துப் பின்னப்பட்ட புதிராக இருந்தபோதிலும், அரசு அலுவலக ஊழலையே கொலையின் வேராகக் காட்டியது. குற்றத்தின் காரணத்தைச் சமூகத்தில் தேடும் இவ்வகை எழுத்தை ஜப்பானியர் 'ஷகாய்-ஹா', அதாவது சமூகப் பிரிவு, என்றழைத்தனர். அந்த வழியில் வந்த மியுகி மியாபே 1992இல் எழுதிய 'காஷா', திருமணம் நிச்சயமான ஒரு பெண் திடீரெனக் காணாமல் போவதில் தொடங்குகிறது. காயம்பட்டு விடுப்பில் இருக்கும், மனைவியை இழந்த காவல்துறை அதிகாரி ஒருவர் அவளைத் தேடப்போக, அவள் வேறொரு பெண்ணின் பெயரையும் குடும்பப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வாழ்ந்தவள் என்பது தெரியவருகிறது. கடன் அட்டையால் திவாலானவள் ஒருத்தி, தந்தை வாங்கிய வீட்டுக் கடனால் துரத்தப்பட்டவள் மற்றொருத்தி என இருவரையும் கடனே நசுக்கியிருக்கிறது. குற்றவாளி நாவல் முழுவதும் தன் வாயால் ஒரு விளக்கமும் தருவதில்லை. அவளைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கொண்டே வாசகர் அவளை அறிய வேண்டியிருப்பதால், கண்ணீரை வலிந்து வரவழைக்கும் வேலை இதில் இல்லை. இங்கே பேசப்படும் நாவல்களில் முதிர்ச்சி மிக்கது இதுவே எனலாம்.

கனாயே மினாட்டோவின் 'ஒப்புதல்கள்' (2008) இதற்கு நேர் எதிராக, எல்லோரையும் பேச வைக்கிறது. பள்ளியாண்டின் கடைசி நாளில் தன் வகுப்பு மாணவர்கள் முன் நிற்கும் ஆசிரியை, நான்கு வயதான தன் மகள் பள்ளி நீச்சல் குளத்தில் தவறி விழுந்து இறக்கவில்லை, இதே வகுப்பைச் சேர்ந்த இருவர்தான் அவளைக் கொன்றனர் என்று அமைதியாக அறிவிக்கிறார். அந்த மாணவர்களுக்கு வயது 13; பதினான்கு வயது நிறையாதவர் செய்த செயலுக்கு ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தில் தண்டனை இல்லையாதலால், அவர் காவல்துறையிடம் செல்லாமல் தன் வழியில் பழிவாங்கத் தீர்மானிக்கிறார். அதன்பின் வரும் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மாணவி, ஒரு தாய், ஒரு சிறுவன் எனக் குரல் மாறி, முன்னர் கேட்டதைத் திருத்திக்கொண்டே போகிறது. இவற்றுள் தாயின் நாட்குறிப்பே மிகக் கொடியது. மகன் மீது வைத்த பாசத்தால் அவன் செய்ததைக் காண மறுக்கும் ஒரு மனத்தை அது எந்த ஏளனமும் இன்றித் திறந்து வைக்கிறது. ஜப்பானியப் புத்தகக் கடை ஊழியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதை 2009இல் பெற்ற இந்நாவலில், பழியின் கணக்கு இறுதியில் சற்று அளவுக்கு மீறிக் கச்சிதமாக முடிந்துவிடுவது ஒரு குறை.

இந்திய வாசகருக்கு அதிகம் அறிமுகமானது கெய்கோ ஹிகாஷினோ 2005இல் வெளியிட்டு, வெகுசன இலக்கியத்துக்கான நவோகி பரிசைப் பெற்ற நாவல்; ஆங்கிலத்தில் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என்று வந்த இது, இந்தியில் 'ஜானே ஜான்' (2023) என்ற திரைப்படமாகவும் ஆனது. சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் யாசுகோ, தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனைத் தன் மகளின் துணையுடன் கொன்றுவிடுகிறாள். அவளை மௌனமாக நேசித்துவரும் பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அந்தக் கொலையை மறைக்கும் பொறுப்பை ஏற்கிறார். குற்றத்தை முதலில் காட்டி, அது எப்படிக் கண்டுபிடிக்கப்படும் என்பதைப் பின்னர் சொல்லும் இந்தத் தலைகீழ் முறையை ஆங்கிலேயரான ஆஸ்டின் ஃப்ரீமன் 1912ஆம் ஆண்டின் கதைத் தொகுப்பிலேயே கையாண்டுவிட்டார். ஹிகாஷினோவின் திறமை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக வாசகரை நம்பவைத்துவிட்டு, பார்க்காத ஒன்றைக் கடைசிவரை காத்துவைப்பதில் இருக்கிறது. எளிதில் விடை காண முடியாத ஒரு புதிரை உருவாக்குவது கடினமா, அதை விடுவிப்பது கடினமா என்று இஷிகாமியும் அவருடைய பழைய நண்பரான இயற்பியலாளர் யுகாவாவும் பேசிக்கொள்வது, கதையின் எலும்புக்கூடே ஆகும்.

வாசகர் விடையை ஊகிக்கத் தேவையான தடயங்களை மறைக்காமல் முன்வைக்க வேண்டும் என்ற நெறியில் எழுதப்படுவதை 'ஹொன்காக்கு', அதாவது மரபுத் துப்பறியும் கதை, என்பர். இந்நாவலுக்கு அந்தத் தகுதி இல்லை என்று எழுத்தாளர் ரெய்தோ நிகைடோ வாதிட, அதையொட்டி எழுத்தாளர்களும் விமர்சகர்களும் நீண்ட சர்ச்சையில் இறங்கினர். அதற்கிடையிலும் 2006இல் ஹொன்காக்கு விருதே இதற்கு வழங்கப்பட்டது. தடயங்கள் போதுமா என்பது புதிர்ப் பிரியர்களின் கவலை. பொது வாசகர் கேட்க வேண்டியது வேறு. ஆற்றங்கரையில் வீடின்றி வாழ்பவர்களைக் கடந்து இஷிகாமி பள்ளிக்கு நடந்து போகும் தொடக்கப் பக்கங்களை, நாவலை முடித்தபின் மீண்டும் படிப்பவருக்கு, இவ்வளவு புகழப்பட்ட அந்தத் தியாகத்தின் விலையைக் கொடுத்தது காதலர் மட்டுமல்ல என்பது விளங்கும். ஆசிரியர் அந்த விலையைச் சொல்லத்தான் செய்கிறார், ஆனால் கண்ணீர் சிந்தும்படி வாசகரைக் கேட்டுக்கொள்வது இஷிகாமிக்காக மட்டுமே.