இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

ஹைதராபாத்தில் பிர்லா மந்திரைத் தாண்டி நௌபத் பஹாட் குன்றில் ஏறினால் பிர்லா கோளரங்கம். 1985ல் என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது திறக்கப்பட்டது. உள்ளே விளக்குகள் அணைந்து, அரைக்கோளக் கூரையில் நட்சத்திரங்கள் முளைக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு 'ஆ' எழும். பிறகு கேள்விகள். அது எவ்வளவு தூரம்? அதற்கும் அப்பால் என்ன? கேட்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். பெரியவர்களுக்கும் அதே சந்தேகங்கள்தான். வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

தமிழ் முதுகலை படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு அந்த வெட்கம் போய் வெகு நாளாகிறது. 'ஒளியாண்டு' என்ற சொல்லை முதன்முதலாக எழுத நேர்ந்தபோது அதைக் காலக் கணக்கு என்று நினைத்து ஒரு வாக்கியத்தையே குட்டிச்சுவராக்கினேன். ஆண்டு என்று முடிந்தாலும் அது தூரம். வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி ஓராண்டில் கடப்பது, சுமார் 9.5 லட்சம் கோடி கி.மீ. அந்தக் காலத்தில் 'இரண்டு நாள் நடை' என்று ஊருக்கு வழி சொல்வார்களே, அந்தக் கணக்குதான்.

இதைப் புரிந்துகொண்டால் வானம் ஒரு சரித்திரப் புத்தகமாகிவிடுகிறது. சூரிய ஒளி நம்மை எட்ட எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ரோகிணியிலிருந்து 65 ஆண்டுகள். இன்று கண்ணில் படும் அதன் வெளிச்சம் புறப்பட்டபோது ஹைதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. செக்கச்செவேல் என்று மின்னும் கேட்டை சுமார் 550 ஒளியாண்டுகளுக்கு அப்பால். சார்மினார் கட்டப்பட்டது 1591ல். அதாவது சார்மினாரும் இல்லாத, கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி வம்சமே தொடங்காத காலத்தில் கிளம்பிய வெளிச்சம் அது.

அடுத்த கேள்வி பார்வைக்கு அசட்டுத்தனமானது: இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? சூரியன் மறைந்துவிட்டதால் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிரபஞ்சத்துக்கு எல்லையே இல்லாமல், நட்சத்திரங்கள் என்றென்றும் எரிந்துகொண்டிருந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும். அடர்ந்த காட்டின் நடுவே நிற்பவனுக்கு எத்திசையிலும் மரமே தெரிவது போல. அப்படியானால் நடுநிசியிலும் வானம் முழுவதும் சூரியனாகத் தகிக்க வேண்டுமே? 1823ல் ஜெர்மன் மருத்துவரும் வானியலாளருமான ஓல்பெர்ஸ் இந்தப் புதிரை எழுப்பினார். அவருக்கு முன்பே சிலர் யோசித்ததுதான். பெயர் அவருக்குப் போய்விட்டது. 1848ல் சரியான விடைக்குப் பக்கத்தில் வந்தவர் விஞ்ஞானி அல்லர், கதாசிரியர் எட்கர் ஆலன் போ. தொலைவிலுள்ள நட்சத்திரங்களின் ஒளி இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்று அவர் ஊகித்தார். இலக்கியம் படித்தவனுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இன்றைய விடையும் ஏறத்தாழ அதுவே. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அதற்கு மேல் பயணம் செய்ய ஒளிக்கு அவகாசமே இருந்ததில்லை. போதாததற்குப் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. 1929ல் ஹப்பிள் வெளியிட்ட அளவீடுகள் இதற்கு முக்கிய ஆதாரம். வெளி விரிய விரிய, அதன் ஊடே வரும் ஒளியின் அலைநீளமும் நீண்டு, கண்ணுக்குத் தெரியாததாகிவிடுகிறது. ஆதியில் பிரபஞ்சம் கொதித்துக் கிடந்தபோது கிளம்பிய வெளிச்சம் இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, நுண்ணலைகளாக. பென்ஜியாஸ், வில்சன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆண்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலைத் துரத்திப் போய்க் கண்ட இந்தச் சங்கதி 1965ல் உலகுக்குத் தெரிந்தது. ஆக, நாம் இருட்டு என்று சொல்வது நம் கண்ணின் குறை.

அப்படியானால் விரிவுக்கு மையம் எங்கே? வாசலில் இழுக்கும் புள்ளிக் கோலத்தை ஒரு ரப்பர் துணியில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலாபுறமும் துணியை இழுத்தால், எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை தன்னை விட்டு விலகுவதாகவே தோன்றும். துணிக்கு விளிம்பு உண்டு, பிரபஞ்சத்துக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை என்பதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கேள்விகளோடு ஹைதராபாத்துக்கு இருக்கும் உறவு கோளரங்கத்தைவிடப் பழையது. பேகம்பேட்டையில் ஒரு பொருளாதார ஆய்வு மையத்தின் விலாசத்தில் இன்றும் 'நிஜாமியா அப்சர்வேட்டரி வளாகம்' என்று இருக்கிறது. நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு, இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து 1901ல் தொடங்கிய வான் ஆய்வகம் அது. அவர் மறைவுக்குப் பிறகு நிஜாம் அரசு அதை ஏற்றது. பின்னர் உஸ்மானியா பல்கலைக்கழகத்திடம் போனது. பாரிசில் 1887ல் ஒரு மகா திட்டம் உருவாகியிருந்தது. உலகின் வான் ஆய்வகங்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, நட்சத்திரங்களின் இடத்தைக் குறிக்க வேண்டும். சிலி நாட்டின் சாண்டியாகோவால் முடிக்க இயலாமல் போன தென்வானத்துப் பங்கு ஹைதராபாத்துக்கு வந்தது.

நினைத்தாலே கண் வலிக்கும் வேலை. கட்டம் பதித்த தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு புள்ளியும் கட்டத்தில் எங்கே என்று அளந்து எழுத வேண்டும். கணினி இல்லாத காலம். புள்ளிகளோ லட்சக்கணக்கில். 1918 முதல் 1944 வரை இந்த ஆய்வகத்தை நடத்தியவர் டி.பி. பாஸ்கரன். அவர் பெயரின் முதலெழுத்து தேரழுந்தூர். ஆம், கம்பனின் ஊர்தான். தங்கள் பங்கை முடித்த கையோடு, ஜெர்மனியின் போட்ஸ்டாம் விட்ட வடவானத் துண்டிலும் ஹைதராபாத் கைவைத்தது.

இந்தத் தொகுதிகள் பல பத்தாண்டுகள் அலமாரியில் தூங்கின. 1989ல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் நட்சத்திரங்களைப் புதிதாக அளந்தபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. அன்றைய இடம், இன்றைய இடம் இரண்டும் தெரிந்தால்தானே நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடலாம்? 2000ல் வெளியான டைக்கோ-2 பட்டியலில் சுமார் 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வு இருக்கிறது. அதற்கு அடிப்படையானவற்றுள் அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளின் எண்களும் அடக்கம்.

ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவரின் மகன் ஒருவன், தொலைநோக்கிகளைச் சுற்றியே வளர்ந்தான். 1927ல் சென்னையில் பிறந்த வேணு பாப்பு. நிஜாம் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போய், 1949ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துத் தன் பெயரையும் அதில் சேர்த்தவர். திரும்பி வந்து, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தி, இருண்ட வானம் தேடித் தமிழகத்தின் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1977ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் அவர் பெயராலேயே அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982ல் காலமாகிவிட்டார்.

பேகம்பேட்டையை நகரம் விழுங்கியது. உஸ்மானியா வானியலாளர்கள் 1960களில் ஊருக்கு வெளியே ஜபல்-ரங்காபூருக்கு நகர்ந்து, 48 அங்குலத் தொலைநோக்கி அமைத்தார்கள். 1980 பிப்ரவரி 16ன் முழு சூரிய கிரகணம் அங்கிருந்தே பார்க்கக் கிடைத்தது.

தெருவிளக்குகளும் தூசியும் மிச்சம் வைத்த ஹைதராபாத் வானத்தில் இப்போது எண்ணக்கூடிய நட்சத்திரங்களே உள்ளன. கேட்டை இன்னும் தெரிகிறது. மே கடைசியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய்த் தென்கிழக்கே பாருங்கள். சிவப்பாக இருக்கும்.