அண்டி வராத பூனை

பசுவுக்குத் தொழுவம் உண்டு; ஆட்டுக்குப் பட்டி உண்டு; நாய்க்கு வாசற்படியாவது உண்டு. நம் கிராமத்து இல்லங்களில் பூனைக்கு மட்டும் குறிப்பிட்ட இடம் என்று ஒன்றும் கிடையாது. நெல் மூட்டைகளை எலி கடிக்காதிருக்க வேண்டுமென்று அதனை இருக்க விடுகிறோம். மிஞ்சிய சோற்றில் சிறிது மோரை ஊற்றிக் கொல்லைப்புறத்தில் வைக்கிறோம். அதற்கு மேல் நாமும் அதனிடம் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. அதுவும் நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை. இவ்வுறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. வெருகு என்றும் பூசை என்றும் தொல்காப்பியர் மரபியலில் பூனையினத்தைக் குறிப்பிடுகிறார். அதன் இளமைப் பெயரைக் குட்டி என்றும் வகுத்துரைக்கிறார்.

ஆனால் அடிக்கடி நோயுறும் பூனை ஒன்றை, அதிலும் மனிதரைக் கண்டாலே சீறி ஒளியும் பூனையை, வீட்டினுள் வைத்து மருந்தூட்டி வளர்ப்பதென்பது முற்றிலும் வேறான காரியம். அதனைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பாகவும் தோன்றலாம். மனிதருக்கு மருந்து வாங்கவே வழியற்ற குடும்பங்கள் நம் பாகூர், வில்லியனூர்ப் பக்கங்களில் இருக்கையில், பூனைக்கு வைத்தியமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது; ஒரு முறையன்று, பல முறை எழுந்தது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. அம்மழை ஓய்ந்த பின்னர், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 இலட்சம் கன அடிக்கும் மேலாகத் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்க் கொம்யூனின் கிராமங்களில் புகுந்தது. மனிதரையும் மாடுகளையும் கரையேற்றுவதே பெரும்பாடாயிருந்த அந்நாள்களில் பூனைகளை யார் கணக்கிட்டார்கள்? நீர் வடிந்த பின், எங்கள் வைக்கோற்போரின் உச்சியில் நனைந்த கந்தையைப் போல ஒரு மூவண்ணக் குட்டி கிடந்தது. கறுப்பும் செம்மையும் வெண்மையும் கலந்த இவ்வகைப் பூனை ஏறக்குறைய எப்பொழுதும் பெண்ணாகவே இருக்கும். நிறத்தைத் தரும் மரபணு அவ்வாறு அமைந்திருக்கிறது. இதுவும் பெண்தான்.

பிள்ளைகள் இருவரும் அதற்கு என்ன பெயரிடலாம் என்று அன்றிரவே வாதிட்டனர். பூனையோ பழைய நெற்குதிரின் பின்னே புகுந்துகொண்டது. உணவு வைத்தால் விளக்கணைந்த பிறகே வந்து உண்ணும். கையை நீட்டினால் காதுகளைப் பின்னுக்கு மடித்துச் சீறும். இப்படியே ஒரு திங்கள் கழிந்தது. அடுத்த வீட்டுப் பூனைக்குட்டி, அழைத்தால் ஓடிவந்து மடியில் படுக்கையில், நம் வீட்டுக் குட்டி மட்டும் நம்மைப் பகைவராய்க் காண்பானேன் என்று பிள்ளைகள் மனம் நொந்தனர்.

இதற்குரிய விடையைக் கால்நடை மருத்துவர்தாம் கூறினார். குரும்பாப்பேட்டில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் நம் பகுதியினருக்கு ஒரு வரப்பிரசாதம். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துணியை விரித்து, பூனையை அதிலடைத்து, மேலே துண்டைக் கட்டி எடுத்துச் சென்றோம். பற்களைப் பார்த்து, எங்களிடம் வரும்போதே அதற்கு நான்கு மாதத்துக்கு மேலாகியிருக்கும் என்றார் மருத்துவர். பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையில் மனிதக் கையின் தொடுதலை அறிய வேண்டும். அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் என்ற பெண்மணி 1980களில் நடத்திய ஆய்வுகள் இதனை நன்கு விளக்கின. அக்காலத்தில் கைபடாமல் வளர்ந்த குட்டி, பின்னர் எத்துணை அன்பு காட்டினாலும் மனிதரை எளிதில் நம்பாது. ஆக, நம் வீட்டுப் பூனைக்கு எங்கள்மீது வெறுப்பு ஏதுமில்லை. மனிதர் என்பவர் யார் என்பதைக் கற்கும் பருவம் அதற்கு வைக்கோற்போரிலும் வேலியோரத்திலும் கழிந்துவிட்டது, அவ்வளவே.

அதே வேளையில் நோயும் தொடங்கியது. இடையறாத தும்மல், ஒரு கண்ணில் நீரும் பீளையும், மூக்கடைப்பு. மருந்துக்குக் குணமாகும், சில வாரங்களில் மீண்டும் வரும். பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் என்பது இதன் பெயர். ஒரு முறை உடலில் புகுந்தால் பெரும்பாலான பூனைகளில் ஆயுள் முழுதும் தங்கிவிடும். மனிதருக்கு இது தொற்றாது. ஆதலின் பிள்ளைகளின் சளிக்குப் பூனையைக் குறை கூறுவதில் பொருளில்லை. உறங்கிக் கிடக்கும் இவ்வைரஸை எழுப்பிவிடுவது எது தெரியுமா? அச்சமும் மன அழுத்தமுமே! இடம் மாறினால் எழும். புதிய பிராணி வந்தால் எழும். வலிந்து பிடித்தால் எழும்.

இங்கேதான் சிக்கல் முழுமையும் அடங்கியிருக்கிறது. பூனை அஞ்சுவதால் நோயுறுகிறது. நோயுற்றால் மருந்திட வேண்டும். மருந்திட அதனைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மேலும் அஞ்சுகிறது. கண்ணில் களிம்பிடுவதற்கென ஒரு நாளைக்கு மூன்று முறை துண்டில் சுற்றி இறுகப் பிடிப்பவரை எந்தப் பூனை நண்பராய்க் கொள்ளும்? பழக்கிக்கொண்டு பிறகு மருந்திடலாமென்றால் கண் கெட்டுப்போகும். மருந்திட்டுவிட்டுப் பழக்கலாமென்றால் அது நம் காலடியோசையைக் கேட்டதுமே மறைந்துவிடும்.

பிள்ளைகளின் பாட்டி ஒரு நாள் வெளிப்படையாகவே கூறினார்: "எட்டு மாதமாகச் சோறு போடுகிறோம். ஒரு நாளாவது கிட்டே வந்து உரசியதா? குரும்பாப்பேட்டுக்கு ஒரு முறை போய்வந்தால் ஒரு நாள் வேலை கெடுகிறது. சாக்கில் கட்டி மதகடிப்பட்டுச் சந்தைப் பக்கம் விட்டு வந்தால், அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி." ஊரில் யாரும் செய்யாத காரியத்தை அவர் சொல்லிவிடவில்லை. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கப்பால் விட்டுவருவது நம் பக்கத்தில் வழக்கமே. ஆயினும் சந்தையில் விடப்படும் நோயுற்ற பூனை எத்தனை நாள் உயிர் வாழும் என்று மூத்த பெண் கேட்டபோது, வீட்டில் யாரும் விடை சொல்லவில்லை. பாட்டியும் சொல்லவில்லை. அன்று அப்பேச்சு நின்றது. முடிந்தது என்று சொல்லுவதற்கில்லை.

மருத்துவர் அறிவுரைப்படி வேலையைப் பிரித்துக்கொண்டோம். மருந்திடுபவர் ஒருவர், உணவிடுபவர் வேறொருவர். மருந்து எப்பொழுதும் பின்கட்டுத் திண்ணையில். உணவு எப்பொழுதும் குதிரருகே. உணவு வைக்கும் இடத்தில் ஒருபோதும் அதனைப் பிடிப்பதில்லை என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். மூக்கடைத்த பூனை உண்ணாது. வாசனை தெரியாவிட்டால் உணவையே அது உணவாகக் கருதுவதில்லை. ஆகையால் மீனை இளஞ்சூடாக்கி வைத்தோம். சிறிய அறையில் வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டாத இடத்தில் வைத்து ஆவி பரவச் செய்து, அதனைச் சற்று நேரம் அங்கே விட்டு வைத்தோம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாதிருந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். எனவே பட்டினியைப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருத்தல் கூடாது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் பூனைகள் நலிவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். உவமை அழகியது. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். மோர்ச்சோறும் பூனைக்குப் போதாது. டாரின் என்றொரு சத்து பூனைக்கு இன்றியமையாதது. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியில் இல்லை. அஃதின்றேல் விழித்திரை கெடும் என்பது 1975ஆம் ஆண்டிலும், இதயம் வலுவிழக்கும் என்பது 1987ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. அதற்காக மூர்த்திக்குப்பத்து மீன்காரம்மாவின் கூடையிலிருந்து பச்சை நெத்திலியை அப்படியே போடுவதும் நன்றன்று. பச்சையாக இருக்கும் சில மீன்களில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது நீங்கும். உப்பும் மிளகாயும் இன்றி வேகவைப்பது நலம். வெங்காயம், பூண்டு பூனைக்கு நஞ்சு. ஆகையால் குழம்பில் கிடந்த மீன் வேண்டாம். கோழியின் ஈரல், இதயம் ஆகியவற்றையும் அவித்துச் சிறிது கொடுக்கலாம்.

இன்னுமொன்றைத் தாய்மார்கள் உறுதியாக நினைவிற்கொள்ள வேண்டும். பூனையின் உடம்பு சுடுகிறதே என்று, பிள்ளைக்கு வாங்கி வைத்த பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கிள்ளிப் போடாதீர்கள். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் சில மருந்துகளும் அவ்வாறே.

கடியும் பிறாண்டலும் நேர்ந்தால் அசட்டையாக விட்டுவிடலாகாது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. எங்கள் இளைய மகனுக்கு முழங்கையில் கீறல் விழுந்தபோது அவ்வாறே செய்து, ஊசிகளையும் தவணை தவறாமல் போட்டுக்கொண்டோம். பூனைக்கும் தடுப்பூசிகள் போட்டாயிற்று. பின்னர் உடல் தேறியிருந்த சமயத்தில் கருத்தடை அறுவையும் நடந்தது. ஐந்தாறு மாதத்திலேயே சினையாகி, ஒன்பது வாரத்தில் குட்டி போடும் இனம் இது. நோயுற்ற ஒன்றுடன் நான்கு குட்டிகளையும் காக்க எங்களால் இயலாது.

பழக்கம் என்பது எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால், சற்று வியப்பான விடையே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் நாங்கள் தரையில் பாய் விரித்தமர்ந்து செபமாலை சொல்வது வழக்கம். அந்த அரைமணி நேரத்தில் யாரும் எழுந்து நடப்பதில்லை. யாரும் பூனையைப் பார்ப்பதில்லை. குரல்களும் ஒரே சீராகத் தாழ்ந்து ஒலிக்கின்றன. பூனைக்கு இதைவிட உகந்த நேரம் வேறென்ன? முதலில் குதிரின் ஓரத்திலிருந்து தலை தெரிந்தது. சில வாரங்களில் நடுக்கூடத் தூணருகே வந்தமர்ந்தது. மூன்றாம் மாதம் பாட்டியின் பாய் விளிம்பில் ஒரு முன்னங்காலை வைத்தது. பராக்குப் பார்த்த பிள்ளைகளைப் பாட்டி முறைத்தார். ஆனால் அவருடைய காலை அவர் நகர்த்தவில்லை.

உற்றுப் பார்ப்பது பூனைகளிடையே மிரட்டலாகும். மாறாக, கண்களை மெல்ல இடுக்கி மூடித் திறந்தால் அது இணக்கத்தின் அடையாளம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். அவ்வாறு மெல்லக் கண்சிமிட்டிய மனிதருக்குப் பூனைகளும் திரும்பச் சிமிட்டின. அறிமுகமற்றவர் அவ்வாறு செய்தபோதும் அவர் கையை நோக்கி வர முற்பட்டன. எங்கள் மகள் தரையில் பக்கவாட்டில் அமர்ந்துகொண்டு நாள்தோறும் இதைச் செய்தாள். பல நாள் பூனை அவளைச் சட்டை செய்யவேயில்லை. ஒரு மாலை அது கண்ணை மெதுவாக மூடித் திறந்ததும், அவள் கூச்சலிட்டுக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்தாள். பூனை குதிரின் பின்னே ஓடிவிட்டது.

அழைத்தால் வராத பூனைக்கு நம் குரல் தெரியாதென்று எண்ணுவதும் தவறு. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வளர்த்தவரின் குரலையும், 2019ஆம் ஆண்டில் தம் பெயரையும் பூனைகள் பிரித்தறிகின்றன என்று காட்டினார். காதைத் திருப்பும், தலையை அசைக்கும். எழுந்து வருவதுதான் அரிது. எங்கள் வீட்டிலும் பாட்டியின் குரலுக்கு இடக்காது திரும்புகிறது. மற்றவர் குரலுக்கு அதுவும் இல்லை.

அடுத்த ஐப்பசி மழையில் நோய் மீண்டும் வந்தது. கண் முழுதும் வீங்கி மூடிக்கொண்டது. இரண்டு நாள் நீர்கூட அருந்தவில்லை. மூன்றாம் நாள் காலை கூடையை எடுத்து வந்தபோது, அதில் விரிக்கவென்று தம் பழைய நூற்புடைவையைக் கிழித்து மடித்துப் பாட்டி முன்னமேயே வைத்திருந்தார். குரும்பாப்பேட்டில் நரம்பில் நீரேற்றிக் களிம்பும் மாத்திரையும் தந்தனர். திரும்பி வந்த அன்றிரவு பூனை குதிரின் பின்னே போகவில்லை. போக வலுவில்லை என்பதே உண்மையாக இருக்கலாம். பாட்டி நெத்திலியை அவித்து முள்ளெடுத்து, விரல் நுனியில் வைத்து நீட்டினார். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மீண்டும் சூடாக்கிக் கொண்டுவந்தார். நான்காம் முறை நக்கியது.

இப்பொழுதும் அது யார் மடியிலும் படுப்பதில்லை. தூக்கினால் சீறும். ஒரு கண்ணில் மெல்லிய வெண்படலம் நிலைத்துவிட்டது. மழைக்காலம் நெருங்கும்போது களிம்புக் குழாய் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து வைக்கிறோம். மீன்காரம்மா வந்தால் நெத்திலியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பவர் பாட்டிதான். பூனைக்கென்று அவர் சொல்வதில்லை.