டெமோவில் இல்லாத எண்ணூறு கார்கள்

வீடியோ கேம் உலகில் டெமோ என்று அழைக்கப்படுவது, முழு விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பாக அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வாங்கத் தயங்குபவர் விளையாடிப் பார்த்து முடிவெடுப்பதற்காக வெளியிடப்படும் பதிப்பாகும். கார்ப் பந்தய விளையாட்டுகளில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு பந்தயத் தடங்களும் சில கார்களும் கொண்டதாக இருக்கும். டெமோவுக்கும் பின்னர் வரும் முழுப் பதிப்புக்கும் வேறுபாடு இருப்பது இயல்பே என்றாலும், அந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது, அதில் எது தவிர்க்க முடியாதது, எது வாங்குபவரின் எதிர்பார்ப்பைத் தவறான திசையில் வளர்த்துவிடுகிறது என்பதை அறிய ஒரே விளையாட்டின் வரலாற்றைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது. ஜப்பானின் பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம் கசுனோரி யமாவுச்சியின் தலைமையில் உருவாக்கிய கிரான் டூரிஸ்மோ 5 அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு; 2010 நவம்பரில் அது வெளிவருவதற்கு முன் நான்கு ஆண்டுகளாக அதன் முன்னோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மக்கள் கையில் வந்துகொண்டிருந்தன.

1997 டிசம்பரில் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கிய கிரான் டூரிஸ்மோ வரிசை, உண்மையான நிறுவனங்களின் கார்களை உரிமம் பெற்றுச் சேர்த்து, ஒவ்வொரு காரும் சாலையில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே திரையிலும் நடந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தால் புகழ்பெற்றது. பிளேஸ்டேஷன் 2-க்காக வந்த நான்காம் விளையாட்டில் 700-க்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. அந்த விளையாட்டு தாமதமானபோது, ஏறத்தாழ 50 கார்களும் ஐந்து தடங்களும் கொண்ட ‘புரோலாக்’ என்ற முன்பதிப்பு 2003 டிசம்பரில் ஜப்பானில் விலைக்கு விற்கப்பட்டது. ஓராண்டு கழித்து முழு விளையாட்டு வந்தபோது, முன்பே அறிவிக்கப்பட்டிருந்த இணையவழிப் பந்தய வசதி அதில் இடம்பெறவில்லை. முன்னோட்டத்தைக் காசு கொடுத்து வாங்குவதும், அறிவிக்கப்பட்ட ஒன்று இறுதியில் காணாமற்போவதும் இந்த வரிசையின் ரசிகர்களுக்கு இவ்வாறு முன்பே பழகிப்போயிருந்தன.

பிளேஸ்டேஷன் 3 வெளிவரவிருந்த 2006-ஆம் ஆண்டில், கிரான் டூரிஸ்மோ எச்டி என்ற பெயரில் ஒரு விளையாட்டு கண்காட்சிகளில் காட்டப்பட்டது. நான்காம் விளையாட்டின் உள்ளடக்கத்தை உயர் துல்லியத் திரைக்கு ஏற்ப மேம்படுத்தி, கார்களையும் தடங்களையும் இணையத்தில் தனித்தனியாக விற்பது அதன் திட்டமாக இருந்தது. அந்தத் திட்டம் அவ்வாண்டு டிசம்பரில் கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாகப் பத்துக் கார்களும் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையடிவாரத்தில் அமைத்த ஒரே தடமும் கொண்ட ‘எச்டி கான்செப்ட்’ என்ற சிறு பதிப்பு இலவசமாகப் பதிவிறக்கக் கிடைத்தது. ஆக, அது எந்த விளையாட்டின் டெமோவாகப் பிறந்ததோ அந்த விளையாட்டு வரவே இல்லை. டெமோ மட்டுமே எஞ்சியது. ஐகர் தடமோ அடுத்த முன்பதிப்பிலும் பின்னர் ஐந்தாம் விளையாட்டிலும் இடம்பிடித்தது.

2007 அக்டோபரில் ஜப்பானில் வெளியான அடுத்த டெமோ, விளையாட்டையும் கார்த் தொழிலையும் ஒரே நூலில் கோத்த அரிய நிகழ்வு. சுசுகா தடத்தில் ஓட்டக்கூடியதாக அமைந்த அந்த டெமோவில் நிசான் நிறுவனத்தின் புதிய ஜிடி-ஆர் காரும் இருந்தது. ஆனால் அந்தக் கார் அதுவரை உலகுக்கு அறிமுகப்படுத்தப்படவில்லை என்பதால், அதன் முகமும் உடலும் கறுப்பு உறையால் மூடப்பட்டிருந்தன. டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் உண்மையான காரின் திரை விலகிய அக்டோபர் 24 அன்று விளையாட்டிலும் உறை விலகியது. அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னுள்ள பல்பயன் தகவல் திரையை வடிவமைத்ததும் பாலிஃபோனி நிறுவனமே. டெமோ என்பது முடிவடையாத ஒன்றின் துண்டு என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு செய்தியைச் சொல்வதற்காகவே தனிக் கவனத்துடன் செதுக்கப்படும் பொருளாகவும் அது இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலும், 2008-இன் வசந்த காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிரான் டூரிஸ்மோ 5 புரோலாக் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 40 டாலர். முழு விளையாட்டுகள் அப்போது 60 டாலருக்கு விற்றன. 70-க்கும் சற்று அதிகமான கார்களும், சுசுகா, ஃபூஜி, டேடோனா, லண்டன், ஐகர், ஹைஸ்பீட் ரிங் ஆகிய ஆறு தடங்களும் அதில் இருந்தன. நான்காம் விளையாட்டில் ஒரே நேரத்தில் ஆறு கார்கள் மட்டுமே பந்தயத்தில் ஓட முடிந்த நிலை மாறி, இதில் பதினாறு கார்கள் ஓடின. இணையவழிப் பந்தயமும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு காரின் உட்புறமும், அதாவது ஸ்டியரிங், வேகமானி, இருக்கைத் தையல் உட்பட அனைத்தும், அந்தந்தக் காருக்கே உரிய வடிவில் உருவாக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் கோணத்தில் ஓட்டுவதே அதன் தனிச் சிறப்பு. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்ற இந்தப் பதிப்பை வாங்கிய ஒவ்வொருவரும், வரவிருக்கும் முழு விளையாட்டின் ஒவ்வொரு காரும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

2010 நவம்பர் 24 அன்று வெளிவந்த முழுப் பதிப்பு அளவில் பிரம்மாண்டமானது. 1,000-க்கும் மேற்பட்ட கார்கள், 20-க்கும் மேற்பட்ட இடங்களில் 70-க்கும் மேற்பட்ட தட வடிவங்கள், அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம், உலக ராலிப் பந்தயக் கார்கள், கோ-கார்ட், இரவு பகல் மாற்றம், மழை, பனி, மோதினால் நசுங்கும் உடற்பகுதி, பயன்படுத்துவோரே தடம் அமைக்கும் கருவி என முன்பதிப்பில் இல்லாத பலவும் அதில் இருந்தன. ஆனால் அந்த ஆயிரம் கார்கள் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ‘பிரீமியம்’ என்று பெயரிடப்பட்ட ஏறத்தாழ 200 கார்கள் முன்பதிப்பின் தரத்தில் உள்ளும் புறமும் புதிதாக உருவாக்கப்பட்டவை. ‘ஸ்டாண்டர்ட்’ எனப்பட்ட ஏறத்தாழ 800 கார்களோ பிளேஸ்டேஷன் 2 காலத்திலும் அதையடுத்து வந்த கையடக்கக் கருவிக்கான விளையாட்டிலும் பயன்பட்ட வடிவங்களைச் சற்று மெருகேற்றிக் கொண்டுவந்தவை. அவற்றுக்கு உட்புறமே இல்லை என்பதால் இருக்கைக் கோணத்தில் அவற்றை ஓட்ட முடியவில்லை. கதவு இடுக்குகளும் விளக்குகளும் தனி உறுப்புகளாக இல்லாமல் மேற்பரப்பில் வரைந்த கோடுகளாகவே தெரிந்தன.

இந்தப் பிளவு ஏன் நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, திரையில் தெரியும் கார் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று அறிய வேண்டும். முப்பரிமாண உருவம் எதுவும் போலிகன் எனப்படும் சிறு பல்கோணத் தட்டைத் துண்டுகளை ஒட்டியே ஆக்கப்படுகிறது. துண்டுகள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருந்தால் வளைவுகள் வழவழப்பாகத் தோன்றும். பிளேஸ்டேஷன் 2-இன் காலத்தில் ஒரு காருக்குச் சில ஆயிரம் துண்டுகள் போதுமானவையாக இருந்தன. பிளேஸ்டேஷன் 3-க்கு உருவாக்கிய பிரீமியம் கார் ஒவ்வொன்றும் சில லட்சம் துண்டுகளால் ஆனது. முதல் விளையாட்டில் ஒரு காரை ஒரு கலைஞர் ஒரு நாளில் முடித்துவிட முடிந்தது என்றும், ஐந்தாம் விளையாட்டில் அதே வேலைக்கு ஆறு மாதங்கள் பிடித்தன என்றும் யமாவுச்சி கூறியிருக்கிறார். ஆறு மாதம் என்ற கணக்கில் ஆயிரம் கார்களுக்கு ஐந்நூறு மனித ஆண்டுகள் தேவை. நூறு கலைஞர்கள் வேறெந்த வேலையும் பாராமல் இதிலேயே அமர்ந்தாலும் ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

டெமோவுக்கும் முழுப் பதிப்புக்கும் இடையிலான மிக ஆழமான வேறுபாடு இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. டெமோ தரத்தைக் காட்டும். அந்தத் தரத்தை எத்தனை மடங்கு பெருக்க முடியும் என்பதைக் காட்டாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்புவதற்குப் பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே உலையில் வெந்திருக்க வேண்டும். இந்தப் பானையிலோ பழைய சோறும் புதுச் சோறும் கலந்திருந்தன. முன்பதிப்பு காட்டிய எதுவும் பொய்யில்லை. அதில் கண்ட கார்கள் முழுப் பதிப்பிலும் அதே அழகுடன் இருந்தன. எனினும், ஒரே தரத்திலான மாதிரியை விலைக்கு விற்றுவிட்டு, முழுமையில் ஐந்தில் நான்கு பங்கு வேறு தரத்தில் அமைவதை அப்போதே தெளிவாகச் சொல்லாமல் விட்டது வாங்கியவர்களுக்கு இழைத்த குறை என்றே சொல்ல வேண்டும். இருநூறு கார்கள் போதும் என்று நிறுத்தியிருந்தால் எண்ணிக்கை குறைந்ததே என்று குறைபட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. பழைய கார்களில் பல, வேறு எந்த விளையாட்டிலும் கிடைக்காத சிறு ஜப்பானிய வண்டிகள் என்பதால், அவற்றை விரும்பி ஓட்டியவர்களும் உண்டு.

எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகக் கருவியின் ஆற்றல் வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஃபிரேம் வீதம் என்பர். பந்தய விளையாட்டில் அது நொடிக்கு 60 என்ற அளவில் நிலைத்திருந்தால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பும் கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் தோன்றாது. உலர்ந்த தடம், பகல் வெளிச்சம், மோதலில் சேதமடையாத உடல் என்ற எல்லைகளுக்குள் இயங்கிய முன்பதிப்பு இந்த வீதத்தைப் பெரும்பாலும் காத்தது. முழுப் பதிப்பில் மழைத் தாரையும் சக்கரம் எழுப்பும் நீர்த்திவலையும் இரவு விளக்கொளியும் பதினாறு கார்களும் ஒன்றுசேர்ந்த தருணங்களில் வீதம் தடுமாறியது. படத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டாமல் கிழிந்ததுபோல் தோன்றும் குறையும் அவ்வப்போது தலைகாட்டியது. மழையும் இரவும் எல்லாத் தடங்களுக்கும் வழங்கப்படாமல் குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டுமே கிடைத்தன. கண்காட்சியில் ஒரு தடத்தில் ஒரு வசதியைக் காண்பவர், அது எல்லாத் தடங்களிலும் இருக்கும் என்று தம்மையறியாமல் முடிவுசெய்துவிடுகிறார்; அவ்வாறு யாரும் வாக்களித்திருக்கமாட்டார்கள்.

காரை ஓட்டும் உணர்வும் மாறியது. முன்பதிப்பில் ‘ஸ்டாண்டர்ட்’, ‘புரொஃபஷனல்’ என இரு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தால், டயரின் பிடிமானம் முதல் வழுக்கல் வரை எல்லாமே அதற்கேற்ப மாறின. முழுப் பதிப்பு அந்தத் தேர்வை நீக்கிவிட்டு, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக், வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் முறை போன்ற உதவிகளைத் தனித்தனியாக இயக்கவும் நிறுத்தவும் விட்டது. இத்தகைய மாற்றங்களுக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. டெமோவுக்காக நிரலின் ஒரு கிளை பல வாரங்களுக்கு முன்பே பிரிக்கப்பட்டு, பிழை நீக்கிச் சோதிக்கப்பட்டு, கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஒப்புதலுக்கு அனுப்பப்படுகிறது. அந்த இடைவெளியில் மூல நிரல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். டெமோ ரசிகர் கைக்கு வரும் நாளில் அது உருவாக்குபவர்களைப் பொறுத்தவரை ஏற்கெனவே பழசாகிவிட்ட பதிப்பு. அதனால்தான் டெமோவில் கண்ட பிழைகளை வைத்து முழுப் பதிப்பை முன்கூட்டியே தீர்ப்பிடுவதும் நியாயமாகாது.

ஓட்டிப் பார்க்க முடிந்த டெமோவை, வெறும் காட்சிப்படத்தோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2005-இல் அமெரிக்காவின் ஈ3 கண்காட்சியில் காட்டப்பட்ட மோட்டார்ஸ்டார்ம் என்ற பந்தய விளையாட்டின் படம் கணினியில் முன்கூட்டியே தீட்டிய திரைப்படம். அதைக் கண்டவர் எவரும் அதற்குள் காரை ஓட்டவில்லை. டெமோ எவ்வளவு சிறியதாக இருந்தாலும், காட்டிய அளவுக்கேனும் உண்மையாக இயங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு உண்டு, அதுவே அதன் மதிப்பு.

கிரான் டூரிஸ்மோ 5-இன் கதை வெளியீட்டோடு முடியவில்லை. 2011 அக்டோபரில் வந்த பெரும் புதுப்பிப்பு, ஸ்டாண்டர்ட் கார்களுக்கும் நிழலுருவாய் ஓர் எளிய உட்புறத் தோற்றத்தைச் சேர்த்தது. 2013 டிசம்பரில் வந்த ஆறாம் விளையாட்டும் பழைய கார்களைச் சுமந்தே வந்தது. 2017 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் விளையாட்டில்தான் நிறுவனம் துணிந்து பழைய வடிவங்கள் அனைத்தையும் விலக்கி, ஏறத்தாழ 160 கார்களை மட்டும் புதிதாக உருவாக்கி வெளியிட்டது. வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 9 முதல் 12 வரை எல்லோருக்கும் திறந்துவிட்ட அதன் டெமோவில் ஈட்டிய முன்னேற்றத்தை முழு விளையாட்டிலும் தொடர முடிந்தது. அந்த டெமோவை ஓட்டியவருக்கு முழுப் பதிப்பில் எந்தக் காரும் தரத்தில் ஏமாற்றம் அளிக்கவில்லை; தனியாக விளையாடுபவருக்குப் பந்தயங்கள் போதவில்லை என்ற குறையே எழுந்தது, அதைத் தீர்க்க அவ்வாண்டு டிசம்பரில் தனியாட்டப் பந்தய வரிசை ஒன்று சேர்க்கப்பட்டது. 2024 டிசம்பரில் ‘மை ஃபர்ஸ்ட் கிரான் டூரிஸ்மோ’ என்ற இலவசப் பதிப்பு வந்தபோது வரிசைமுறையே தலைகீழானது: 18 கார்களும் மூன்று தடங்களும் கொண்ட அது, 2022-இல் வெளியாகிப் பல புதுப்பிப்புகள் கண்டிருந்த ஏழாம் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதை ஓட்டிப் பார்ப்பவர் வாங்கவிருக்கும் முழுப் பதிப்பு அப்போதே கடையில் இருந்தது.