அடங்குவதும் அடக்குவதும்

மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ‘அடங்கு’ என்று சொல்லிப் பாருங்கள். சொல் நடுவழியில் அடைபட்டுப்போகும். பிடியை விடாமல் ‘அடக்கு’ என்று சொல்லுங்கள், தெளிவாக வரும். ‘ங்’ ஒலிக்கும்போது நாவின் பின்பகுதி வாய்வழியை மூடிவிடுகிறது, காற்று மூக்கு வழியே போகிறது. ‘க்க்’ ஒலிக்கும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியையும் அடைக்கிறது. ஒரு கணம் காற்றுக்குப் போக்கிடமே இல்லை, குரலும் நின்றுவிடுகிறது.

இந்தச் சின்ன மாற்றத்தில் பொருள் தலைகீழாகிறது. அடங்குபவர் கட்டுக்குள் வருகிறார். அடக்குபவர் இன்னொருவரைக் கட்டுக்குள் கொண்டுவருகிறார். ஒடுங்கு–ஒடுக்கு, முடங்கு–முடக்கு, திருந்து–திருத்து, வருந்து–வருத்து என்று இந்தச் சோடிகள் நீள்கின்றன. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். பிறவினையிலும் ஒருகாலத்தில் மூக்கொலி இருந்தது, இரட்டித்த வல்லினத்துக்கு முன் அது தமிழில் மறைந்துபோனது என்பது மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தரும் விளக்கம்.

‘அடங்கு’ என்ற சொல்லுக்குப் பிறவினைச் சோடி மட்டுமல்ல, பொருளில் நெருங்கிய உறவுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒருபொருட் சொற்களைத் திரட்டி வைப்பது தமிழருக்குப் பழகிய வேலை. இங்கிலாந்தில் பீட்டர் மார்க் ரோஜே தன் சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திவாகர நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்து வைத்துவிட்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று போகும் அந்த வரிசையில் செயலுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சிட்ட முதல் நூல்களில் சூடாமணி நிகண்டும் ஒன்று. யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல் அது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிகண்டை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். தமிழர் உலகத்தை எப்படி வகுத்துப் பார்த்தார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

இணங்குதல், பணிதல், கீழ்ப்படிதல் என்று அடங்குதலுக்கு நெருங்கிய சொற்களை ஒரே வரிசையில் வைத்தாலும் அவை ஒன்றல்ல. இணங்குகிறவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. பணிகிறவர் எதிரே நிற்பவரின் உயரத்தை ஏற்றுக்கொள்கிறார். கீழ்ப்படிகிறவருக்கு ஒரு கட்டளை வந்திருக்கிறது. கட்டுப்படுகிறவரைக் கட்டியது ஆளாகவும் இருக்கலாம், அவரே கொடுத்த வாக்காகவும் இருக்கலாம். வசப்பட்டவரிடமோ சொந்த விருப்பம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தண்டனையைச் சுற்றியும் இப்படி ஒரு சொற்கூட்டம் நிற்கிறது. காலி வீதியில் சிவப்பு விளக்கைத் தாண்டிய சாரதி தண்டப்பணத்துக்கு ‘ஆளாகிறார்’. அவர் செய்தது ‘தண்டனைக்குரிய’ குற்றம். விசாரணைக்கு அவர் ‘உட்படுகிறார்’. ஆளாகு என்பதை ஆளாக்கு என்றும், உட்படு என்பதை உட்படுத்து என்றும் மாற்றினால், தண்டிக்கும் கை உடனே கண்ணுக்குத் தெரிகிறது.

கட்டுப்பாடும் தண்டனையும் சந்திக்கிற சொல் ‘ஒறுத்தல்’. குற்றவாளியைத் தண்டிப்பதும் ஒறுத்தல்தான். ஐம்புலன்களைத் தன் வசத்தில் வைப்பதும் ஒறுத்தல்தான். இந்த இரண்டுக்கும் உள்ள உறவைச் சட்டமும் ஏற்கிறது. தன்னை அடக்கத் தெரிந்தவரைத்தான் அடங்காமைக்காகத் தண்டிக்க முடியும். உந்துதலை நிறுத்தி, விளைவை எண்ணிப் பார்க்க உதவுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முழுதாக முதிர்வதற்கு இருபது வயதும் தாண்டவேண்டும். ஆனாலும் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் குற்றப்பொறுப்பைக் காண இடம் கொடுத்திருந்தது. 2018இல்தான் அந்த வயது பன்னிரண்டாக உயர்ந்தது. மிகத் தாமதமாக வந்த, மிகத் தேவையான திருத்தம்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைப் பாருங்கள்: ஊரடங்கு. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் நாடு முழுவதும் கேட்ட சொல். அதில் இருப்பது தன்வினை. அடக்கிய அரசு சொல்லுக்குள் இல்லை; ஊர் தானாகவே அடங்கியது போல் ஒலிக்கிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, கொழும்பில் ஊரடங்கு அறிவித்த பிறகும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெள்ளவத்தையும் அதற்குத் தப்பவில்லை. அன்று அடங்கி வீட்டுக்குள் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். அடக்கப்பட வேண்டியவர்கள் தெருவில் நின்றார்கள். தண்டனைக்கு உரியவர்களாக இருந்தும் அவர்களில் பெரும்பாலானோர் தண்டனைக்கு உட்படுத்தப்படவில்லை.

ஆகவே செய்தியிலோ சட்டத்திலோ வகுப்பறையிலோ ‘அடங்கியது’ என்று வாசிக்கும்போதெல்லாம் அதன் பிறவினையைத் தேடுங்கள். யார் அடக்கினார்கள், யாரை அடக்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வேண்டிய கருவியை ஒரே ஓர் எழுத்தில் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது.