தளர்ந்த கம்பிக்கு எந்தக் கிற்றார்?



பிள்ளை கிற்றார் கேட்டால் எங்களில் பலர் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய், பார்வைக்குப் பெரிதாகவும் கைக்காசுக்குக் கட்டுப்படியாகவும் உள்ள ஒன்றை வாங்கி வருகிறோம். அநேகமாக அது 'டிரெட்நோட்' எனப்படும் அகன்ற உடலுடைய கிற்றாராக இருக்கும். பிக் கொண்டு அடித்துப் பாட்டுக்குத் துணை வாசிக்க அது அருமையான வாத்தியம். ஆனால் ஓரிரு வருடம் கழித்துப் பிள்ளை விரல்களால் மீட்டவும், சுருதியை மாற்றிக் கூட்டவும் தொடங்கும்போது கம்பி இரையத் தொடங்குகிறது. தன் விரலில்தான் பிழை என்று நினைத்துப் பிள்ளை வாத்தியத்தை மூலையில் வைத்துவிடுகிறது. பெரும்பாலும் பிழை விரலில் இல்லை.

சுருதி மாற்றுவது என்றால் என்ன? கிற்றாரின் ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து வழமையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று நிற்கும். தடித்த கம்பியையும் மெல்லிய இரண்டு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி ஆகிவிடும். 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியக் கலைஞர் டேவி கிரஹாம் பரவலாக்கிய முறை இது. மொறோக்கோவில் கேட்ட ஊட் வாத்தியம்தான் அதற்குத் தூண்டுகோல் என்பார்கள்.

டியை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள். ச, ப, ச, ம, ப, ச! சங்கீதம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது அந்நியமே அல்ல. காந்தாரம் எதிலும் இல்லாததால் சங்கராபரணமும் வாசிக்கலாம், நடபைரவியும் வாசிக்கலாம். கல்யாணிக்குப் போனால் மட்டும் அந்த ஜி கம்பி இடிக்கும். அதைத் தொடாமல் விட வேண்டும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஒரு கம்பியை முழுச் சுரம் இறக்கினால் அதன் இழுவிசை சுமார் 21 வீதம் குறைகிறது. தடித்த ஈ கம்பியைச் சி வரை இறக்கினால் 37 வீதம் போய்விடும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடி, கழுத்தில் உள்ள மெட்டுகளில் தட்டும். சற்று அழுத்தி மீட்டினால் சுருதி முதலில் ஏறிப் பிறகு இறங்கும். ஆகவே இறக்கிய சுருதிக்கு வாங்கும் கிற்றாரில் முதலில் கேட்க வேண்டியது, நட்டிலிருந்து குதிரை வரை கம்பி அதிரும் நீளம் எவ்வளவு என்பதே. 24.9 அங்குலமும் உண்டு, 25.4 அங்குலமும் உண்டு. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே கம்பி, அதே சுருதியில், நீண்டதில் 4 வீதம் கூடிய இழுவிசையுடன் நிற்கும். நீளமானதையே எடுங்கள்.

கம்பியின் தடிப்பு அடுத்தது. வழமையான மெல்லிய தொகுதி 12 முதல் 53 வரை. இது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 13 முதல் 56 வரையான தொகுதி போட்டால் இழந்த இழுவிசையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். நட்டின் வெட்டுகளைக் கொஞ்சம் அகட்ட வேண்டி வரலாம். அதைத் திருத்துபவரிடம் விடுங்கள். அந்தத் தடித்த கம்பிகளோடு மீண்டும் வழமைச் சுருதிக்கு ஏற்றுவதென்றால் வாத்தியம் அதைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

உடலின் அளவைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. மார்ட்டின் நிறுவனம் 1929இல் வெளியிட்ட ஓஎம் வகையின் உடல் டிரெட்நோட்டைவிட ஒடுங்கியது, ஆழமும் குறைந்தது, இடை நன்றாக உள்வாங்கியது. மெல்லிய விரல் தொடுகைக்கும் உடனே பேசும். தாழ்ந்த கம்பி மற்றவற்றை மூடாது. விரல் மீட்டலுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். ஆனாலும் மைக்கல் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் விசித்திரமான சுருதிகளில் வாசித்துப் புகழ் பெற்றது ஒரு டிரெட்நோட்டில்தான். எனவே வீட்டில் இருப்பதை வீசிவிட வேண்டாம். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

நட்டின் அகலம் 44 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் விரல்களுக்கு இடம் கிடைக்கும். அடிக்கடி சுருதி மாற்றுவதால் பிரடைகள் வழுக்காமல், மெதுவாகத் திரும்ப வேண்டும்.

சிறிய கையோ பலம் குறைந்த கையோ உள்ள பிள்ளைக்கும் மாற்றுச் சுருதி ஒரு வழி. கனடியப் பாடகி ஜோனி மிச்சல் சிறு வயதில் போலியோவால் இடது கை பலவீனப்பட்டவர். கடினமான விரல் பிடிகளைத் தவிர்க்கவே அவர் பலவிதச் சுருதிகளைக் கையாண்டார்.

கடையில் வழமைச் சுருதியில் வாசித்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். கேட்டு, டி, ஏ, டி, ஜி, ஏ, டிக்கு இறக்குங்கள். தடித்த கம்பியை மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை மீட்டி, ஒவ்வொரு மெட்டாக ஏறிப் போங்கள். எங்கே இரைகிறது என்று காது சொல்லிவிடும். கொஞ்சம் இரைந்தால் கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்து தருவார்களா, அது விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

ஒற்றைப் பலகையால் ஆன முகப்பு ஒலிக்கு நல்லது. ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் காய்ந்து வெடிக்கக்கூடும். பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதத்தை 45 முதல் 55 வீதத்துக்குள் பேணுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் சாத்தி வைக்க வேண்டாம்.