பெயர், வகுப்பு, நாள்: பழைய எழுத்துருக் கோப்புகளைப் படித்தெடுப்பது எப்படி?

பணி மாற்றலாகிப் போகும் ஆசிரியர் தன் விரலியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே பல ஆண்டுக் கேள்வித்தாள்கள், பயிற்றிகள். திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை! எந்த எழுத்துருவில் அடித்தார் என்று ஒரு குறிப்பும் இல்லை. உடனே அழித்துவிடாதீங்க. யுபிஎஸ்ஆர் 2021இல் எடுக்கப்பட்டுவிட்டாலும், அந்த இலக்கணப் பயிற்சிகளும் கருத்துணர்தல் பகுதிகளும் இன்றைய வகுப்புக்கும் ஆகும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசைத் தொடங்கிய காலத்தில் தமிழுக்கென்று எல்லாரும் ஏற்ற ஒரே அட்டவணை கிடையாது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் எழுத்துகளை வைத்தார்கள். திஸ்கி வந்தது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் வந்தன. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் யூனிகோட் தமிழ் மேசைக் கணினியில் மெல்லப் பரவியது. ஆக, உங்கள் கையில் இருப்பது, விளக்கம் எழுதாமல் ஒருவர் விட்டுப்போன நிரல் மாதிரிதான்.

முதலில் நகல் எடுங்க. மூலக்கோப்பில் கை வைக்கவே வேண்டாம். பிறகு குப்பையின் முகத்தைப் பாருங்க. தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது திஸ்கி, டாப் வகையாக இருக்கலாம். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பாமினி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகளில் ஒரு வரியைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால்தான் நாமே இறங்க வேணும்.

எங்கே தொடங்குவது? விடை முன்பே தெரிந்த இடத்தில். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சியின் சிறுசிறு பிராமிக் கல்வெட்டுகளைப் பார்த்தபோது, பல கல்வெட்டுகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். அது ‘தானம்’ என்ற சொல்லாக இருக்கும் என்று ஊகித்தார், பூட்டு திறந்தது. நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. தேர்வுத்தாளின் தலைப்பகுதியில் பெயர், வகுப்பு, நாள் என்று இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

பாமினிக் கோப்பில் ‘வகுப்பு’ இருக்கும் இடத்தில் டி, பெரிய எஃப், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி என்று ஐந்து குறிகள் தெரியும். டி என்றால் வ. பெரிய எஃப் என்றால் கு. உகரம் தனியாக இல்லை, கு முழுசாக ஒரே விசை. ஜி என்றால் ப, அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி, பெரிய ஜி என்றால் பு. இப்போ ‘பெயர்’. என், ஜி, ஏ, ஹெச், அரைப்புள்ளி. ஜி மறுபடியும் ப, நம் ஊகம் சரி. ஆனால் அதற்கு முன்னால் என் நிற்கிறது பார்த்தீங்களா? அதுதான் கொம்பு. பழைய எழுத்துரு கை எழுதும் வரிசையில் போகும், கொம்பு முதலில். யூனிகோட் ஒலி வரிசையில் போகும்: ப முதலில், கொம்பு பிறகு. மாற்றும்போது இரண்டையும் இடம் மாற்ற வேணும்.

இனி ‘நாள்’. இ, ஹெச், எஸ், அரைப்புள்ளி. இங்கே ஹெச் துணைக்கால். ‘பெயர்’ என்பதிலோ அதே ஹெச் ர-வாக நின்றது. முரண்பாடா? இல்லை. காலின் மேல் புள்ளி வைத்தால் கண்ணுக்கு ‘ர்’ போலவே தெரியும், தட்டச்சில் பலர் அப்படித்தான் அடித்தார்கள். இதைக் கவனிக்காமல் எல்லா ஹெச்சையும் காலாக மாற்றினால் ‘பெயர்’ கெட்டுப்போகும். அச்சடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் கோப்பில் ‘பெயர்’ என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலியும் தடுமாறும்.

எஸ்.பி.எம். கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களே, ‘ரலாட் லோஜிக்’ என்று நீங்கள் படிக்கும் பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேணுமா? தொடரியல் பிழை என்றால் கணினியே கத்தும். இது கத்தாது. அடுத்தவர் எழுதிய நிரல் கையில் வந்தாலும் இப்படித்தான்: விடை தெரிந்த ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் மாறியின் மதிப்பைத் தாளில் எழுதிக்கொண்டே போங்க. ஒரே மாறி இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்வது அப்போதுதான் பிடிபடும்.

வோர்ட்டில் மாற்றும்போது வரிசை முக்கியம். ஹெச்சும் அரைப்புள்ளியும் சேர்ந்த இணையை முதலில் ‘ர்’ ஆக்குங்க. மிச்சமுள்ள ஹெச்சைப் பிறகு காலாக்குங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் தேர்வை மறக்காமல் போடணும், இல்லையென்றால் ப-வும் பு-வும் கலந்துவிடும். தாளில் மலாய்ச் சொற்கள் இருந்தால், பழைய எழுத்துருவில் உள்ள பகுதியில் மட்டும் தேடும்படி வடிவமைப்பில் குறிப்பிடுங்க. பள்ளியின் மலாய்ப் பெயர் தமிழ்க் குப்பையாக மாறிப்போவது இங்கேதான்.

முடிந்ததும் தேடல் பெட்டியில் காலையும் புள்ளியையும் அடுத்தடுத்து அடித்துத் தேடிப் பாருங்க. ஒன்றுகூட வரவில்லை என்றால் கோப்பைப் புலனத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். கூடவே நீங்கள் கண்டுபிடித்த அட்டவணையையும் ஒரு பக்கத்தில் அடித்து அதே விரலியில் போட்டு வையுங்க.